‘தெரியாது’ என்று எழுத ஓர் இடம்

திங்கட்கிழமை காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு, என் மேசைமேல் கிடந்த ஓர் அச்சுத்தாளில் ஒரு பூஜ்யத்தைப் பார்த்தேன். எல்லாம் அங்கிருந்துதான் கெட ஆரம்பித்தது. உண்மையில் சனிக்கிழமையே கெட்டுவிட்டது. எனக்குத் தெரிய வந்த நேரத்தைச் சொல்கிறேன்.

டன்லப் சாலை மேல்மாடி அறையில் ஞாயிறுதோறும் கூடிப் பேசும் நீங்கள், புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். கொஞ்சம் உற்சாகமாக இருக்கட்டும் என்றும் சொல்லி அனுப்பினீர்கள். மன்னிக்கவும். உற்சாகமாக எழுத என்னால் முடியாது. நான் இந்த வேலையை விட்டு விலகிவிட்டேன். ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, ஓய்வு பெறும் வயது எனக்கு இன்னும் ஆகவில்லை. என் மகள் ரீத்தா இப்போது உயர்நிலை நான்கில் படிக்கிறாள். அடுத்த ஆண்டு பலதுறைத் தொழிற்கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கப் போகிறேன் என்கிறாள். அவள் அதைச் சொன்ன நாளிலிருந்து எனக்கு ஒழுங்கான தூக்கம் இல்லை. அதனால் இதை உங்களுக்கும் எழுதுகிறேன், அவளுக்கும் எழுதுகிறேன்.

அவள் உயிரோடு இருக்கிறாள். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். படிக்கிறவர்களைத் தவிக்க வைக்க நான் கதை எழுதவில்லை.

எண்பதுகளின் நடுவில் நான் ஒரு தனியார் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் நிரல் எழுதுபவளாக இருந்தேன். அந்த மருத்துவமனையில் நோயாளிகளின் விவரமெல்லாம் தடித்த அட்டைகளில் இருந்தன. அடித்தளத்தில் ஒரு பெரிய அறை முழுக்க இரும்பு இழுப்பறைகள். ஒருவருக்கு ஏதாவது மருந்து ஒவ்வாது என்றால் அவருடைய அட்டையின் மூலையில் சிவப்பு வில்லை ஒட்டியிருப்பார்கள். தாதி அட்டையைக் கையில் எடுத்ததும் முதலில் கண்ணில் படுவது அதுதான். அந்த அட்டைகளைக் கணினிக்கு மாற்றுவதுதான் எங்கள் வேலை. முதலில் எல்லாருடைய பெயரும் பிறந்த தேதியும் முகவரியும் ஏற்றப்பட்டன. அது முடிந்தபின், ஒவ்வோர் அட்டையாக எடுத்து மருத்துவ விவரங்களைத் தட்டச்சுப் பெண்கள் ஏற்றினார்கள். அந்த இரண்டாவது வேலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாக்கி இருந்தது.

ஒவ்வாமைக்கு என்று நான் ஒரு கட்டம் வைத்திருந்தேன். ஒவ்வாத மருந்து இருந்தால் அதன் பெயர். இல்லையென்று அட்டையைப் பார்த்து உறுதி செய்திருந்தால், ‘இல்லை’. இன்னும் அட்டையையே பார்க்கவில்லை என்றால், வெறுமை. திரையில் அந்த இடம் வெறுமையாக இருந்தால் தாதி அடித்தளத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு அட்டையை மேலே வரவழைப்பாள். அப்படித்தான் பயிற்சி கொடுத்திருந்தோம். வெறுமை என்றால் ‘எங்களுக்குத் தெரியாது, நீ கேட்டுக்கொள்’ என்று பொருள். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடுகிறது. கேட்காததும், கேட்டு இல்லையென்று சொன்னதும் ஒன்றாகிவிடாது. சமையல் செய்கிற யாருக்கும் இது தெரியும். உப்புப் போட்டோமா என்று நினைவில்லாதபோது, போடவில்லை என்று முடிவுகட்டி யாரும் இன்னொரு கரண்டி அள்ளிப் போடுவதில்லை. ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். திரைக்கு முன்னால் உட்கார்ந்ததும் மட்டும் அந்த அறிவு எங்கே போகிறதோ தெரியவில்லை.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. எழுபதுகளில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் விவரங்களை அட்டையில் துளையிட்டுப் பதியும் துளையட்டை இயந்திரத்தில் வேலை பார்த்தபோது எனக்கு மேலதிகாரியாக ஒரு கான்டனீஸ் சீனப் பெண்மணி இருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூடுதல். கடுகடுவென்று இருப்பார். சரக்கு எந்தத் துறைமுகத்துக்கு என்ற இடம் காலியாக வந்தால், ‘சிங்கப்பூர்’ என்று போட்டு அனுப்பு, பெரும்பாலும் இங்கேதானே என்று மேலிடத்தில் சொல்வார்கள். அவர் போடமாட்டார். வாடிக்கையாளருக்குத் திருப்பி அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் வசவு வாங்கிக்கொள்வார். அவர் வைத்திருந்த இன்னொரு வழக்கமும் என்னோடு ஒட்டிக்கொண்டது. கோப்பு முழுவதையும் மாற்றுகிற கட்டளை எதுவாக இருந்தாலும், ஒருவர் தட்ட வேண்டும், இன்னொருவர் அதைச் சத்தம்போட்டு வாசிக்க வேண்டும். வாசித்தவர் சரியென்று சொன்ன பிறகுதான் விசையை அழுத்தலாம். பார்க்கிறவர்களுக்குப் பள்ளிக்கூடம் போல இருக்கும். சிரிப்பார்கள். மருத்துவமனை இயந்திர அறையிலும் அந்த வழக்கத்தை நான் கொண்டுவந்தேன். அங்கும் சிரித்தார்கள், ஆனாலும் செய்தார்கள்.

இப்போது அந்தப் பூஜ்யத்துக்கு வருகிறேன்.

ஒவ்வொரு திங்களும் ஓர் அறிக்கை அச்சாகி வரும். எந்தெந்தக் கட்டத்தில் எத்தனை வெறுமை பாக்கி என்று அதில் இருக்கும். வெள்ளிக்கிழமை வரை ஆயிரக்கணக்கில் இருந்த ஒவ்வாமை வெறுமைகள் அந்தத் திங்கள் காலை பூஜ்யம் ஆகிவிட்டன. தட்டச்சுப் பெண்கள் சனி ஞாயிறு வேலைக்கு வரவில்லை. இழுப்பறைகள் அப்படியே இருந்தன. அப்படியானால் அந்த வெறுமையெல்லாம் எங்கே போயின?

இயந்திரத்தை இயக்கும் ரஹீமிடம் கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு சொன்னார். சனிக்கிழமை மேலாளர் வந்தாராம். இயந்திரத்தை எங்களுக்கு விற்ற நிறுவனத்தின் ஆலோசகரையும் கூட்டி வந்தாராம். ரஹீமைத் தேநீர் குடித்துவிட்டு வரச் சொன்னார்களாம். திரும்பி வரும்போது வேலை முடிந்திருந்ததாம். யாரும் எதையும் வாசிக்கவில்லை.

மேலாளரின் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. நம்மவர்தான். இங்கிலாந்தில் படித்தவர். அலுவலகத்தில் ஆங்கிலம் மட்டும் பேசுவார், கதவு சாத்தியிருந்தால் என்னிடம் தமிழில் பேசுவார். அன்று நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அந்தத் தாளை அவர் முன்னால் வைத்தேன்.

அவர் சிரித்தார். புதன்கிழமை திறப்பு விழா. பெரிய மனிதர்கள் வரப்போகிறார்கள். அவர்கள் முன்னால் அறிக்கையில் ஆயிரக்கணக்கில் வெறுமை என்று வந்தால் முடியாத வேலையைத் திறந்து வைத்ததுபோல் ஆகிவிடும் என்று விளக்கினார். அதனால் வெறுமையாக இருந்த இடமெல்லாம் ‘இல்லை’ என்று நிரப்பச் சொல்லிவிட்டாராம்.

“பெரும்பாலான ஆளுக்கு அலர்ஜி இல்லை, மிஸஸ் சேவியர். கணக்குப்படி பார்த்தா நாம சரிதான்லா,” என்றார்.

இனித் தாதிகள் அட்டையை வரவழைக்க மாட்டார்களே, திரையில் ‘இல்லை’ என்று இருந்தால் ஊசி போட்டுவிடுவார்களே என்றேன். அட்டைகள் எங்கேயும் போய்விடவில்லை, விழா முடிந்ததும் தட்டச்சுப் பெண்கள் ஏற்றிக்கொள்ளட்டும் என்றார். வெள்ளிக்கிழமை இரவு நகல் எடுத்த நாடா எங்கே, அதிலிருந்து பழையபடி மீட்டுவிடலாம் என்றேன். அது ஜூரோங்கில் விற்பனை நிறுவனத்தின் கிடங்கில் இருந்தது. கொண்டுவந்து மீட்க நேரமாகும், அதுவரை இயந்திரத்தை நிறுத்த வேண்டும், சனி ஞாயிறு சேர்ந்த நோயாளிகளின் விவரம் போய்விடும் என்றார். இதெல்லாம் எனக்கும் தெரியும். சரி, அப்படியானால் எல்லா வார்டுக்கும் ஓர் அறிவிப்பு அனுப்புங்கள், ஒவ்வாமைக் கட்டத்தை நம்பாதீர்கள், நோயாளியைக் கேளுங்கள், அட்டையை வரவழையுங்கள் என்று ஒரே ஒரு வரி போதும் என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் நாமே நம் கணினியை நம்பாதீர்கள் என்று கடிதம் அனுப்புவதா என்று கேட்டார். வேண்டுமானால் என் கருத்தை எழுத்தில் கொடுக்கலாம், அடுத்த குழுக் கூட்டத்தில் வைப்பதாகச் சொன்னார்.

நீங்களும் ஒருநாள் அந்த மேசைக்கு முன்னால் நிற்பீர்கள். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். அங்கே யாரும் உங்களைப் பார்த்துக் கத்த மாட்டார்கள். நாற்காலி தருவார்கள். ‘உங்க கவலை எனக்குப் புரியுது’ என்பார்கள். நீங்கள் வெளியே வரும்போது எதுவும் மாறியிருக்காது. ஆனால் எல்லாம் பேசித் தீர்த்தது போன்ற ஓர் உணர்வு வரும். அந்த உணர்வை நம்பாதீர்கள்.

நான் வெளியே வந்து தொலைபேசியை எடுத்தேன். ஒரு நிரல் எழுதுபவள் வார்டுகளை நேராகக் கூப்பிடுவது அங்கே நடக்காத காரியம். இருந்தாலும் கூப்பிட்டேன். இரண்டு வார்டுகளில் தாதிகள் கேட்டுக்கொண்டார்கள். ஒன்றில், மேலாளர் கையெழுத்தில்லாமல் நடைமுறையை மாற்ற முடியாது என்று பணிவாகச் சொன்னார்கள். அவசரப் பிரிவின் எண் ஓயாமல் வேலையாக இருந்தது. மறுபடி சுழற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசைத் தொலைபேசி அடித்தது. எனக்குத்தான். என் கணவர்.

அவர் செம்பவாங் கப்பல் பட்டறையில் முறைமாற்று வேலை பார்த்தார். அன்று காலை ஈசூனில் வீட்டில் இருந்தார். அப்போது தொடக்கநிலையில் படித்த ரீத்தாவின் பள்ளியிலிருந்து அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். திடலோரம் இருந்த துருப்பிடித்த வேலிக் கம்பி அவள் கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. ஊழியர் குடும்பத்துக்கு எங்கள் மருத்துவமனையில் சலுகை உண்டு. தவிர, அம்மா அங்கேதான் இருக்கிறாள். டாக்சியில் கூட்டிக்கொண்டு நேரே வந்துவிட்டார்.

“பதறாதே ஸ்டெல்லா, கீழதான் இருக்கோம். தையல் போட்டாச்சு. புண்ணு பழுக்காம இருக்க ஊசி ஒண்ணு போடணும்னாங்க.”

“அவளுக்குப் பெனிசிலின் ஆகாதுன்னு சொன்னீங்களா?”

“ஏதோ ஒரு மருந்து ஆகாதுன்னு சொன்னேன். பேரு சட்டுனு வரல. கம்ப்யூட்டர்ல பாத்துட்டு இல்லைன்னு காட்டுதே சார்ன்னாங்க. அப்ப நான்தான் தப்பா நினைக்கிறேன்னு விட்டுட்டேன். நீ எழுதுனதுதானே அது?”

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்காக எழுதுகிறேன். ரீத்தா மூன்று வயதில் அதே மருத்துவமனையில், அதே மருந்துக்கு, உடம்பெல்லாம் தடித்து உதடு வீங்கிக் கிடந்தவள். அன்று அவளைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தில் ஓடியவர் அவர்தான். அந்த மனிதர் தன் கண்ணால் பார்த்ததை திரையில் தெரிந்த ஒரு பச்சை எழுத்துக்காக விட்டுக்கொடுத்தார், மனைவி எழுதியது தவறாக இருக்காது என்பதற்காக. திரை வெறுமையாக இருந்திருந்தால் தாதி மறுபடி கேட்டிருப்பாள். அவர் கொஞ்சம் யோசித்திருப்பார். அட்டை மேலே வந்திருக்கும். அதன் மூலையில் சிவப்பு வில்லை இருந்தது. நான் பிறகு போய்ப் பார்த்தேன்.

படிக்கட்டில் இறங்கி ஓடினேன். எனக்கு முன்னால் ஊசி போய்விட்டது.

அடுத்து நடந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. கட்டிலைச் சுற்றி முதுகுகள் மட்டும் தெரிந்தன. அவள் மூச்சிழுக்கும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை. யாரோ திரைச்சீலையை இழுத்து மூடினார்கள். சக்கரக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு மின்தூக்கிக்கு ஓடினார்கள். ஊசி போட்ட தாதி ஓர் இளம்பெண். என்னிடம் வந்து, “இல்லைன்னுதான் காட்டுச்சுக்கா, நான் ரெண்டு தடவை பாத்தேன்,” என்றாள். அவளை நான் திட்டவில்லை. அவள் சரியாகத்தான் பார்த்தாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு மூடியது. வெளியே பெஞ்சில் என் கணவர் ஜெபமாலையைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்தத் தாழ்வாரத்தின் கோடியில் சிறுவர் வார்டின் முகப்பு இருந்தது. ஒரு மலாய்ப் பெண் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். எழுத்தர் திரையைப் பார்த்தபடியே கேட்காமல் கொள்ளாமல் எதையோ தாளில் எழுதி, அடுத்தவரைக் கூப்பிட்டார்.

நான் எழுந்தேன்.

“எங்க போற?” என்றார் என் கணவர்.

மேலே போய்விட்டு வருகிறேன் என்றேன்.

“புள்ள உள்ள கிடக்கு. இப்பவும் உனக்கு அந்த மிஷின்தானா?”

அவர் கோபத்தில் சொன்னார். அந்தக் கோபம் சரிதான். அந்தக் குழந்தையைக் கை காட்டினேன். “நம்ம புள்ளையப் பாத்துக்க உள்ள ஆளு இருக்கு. அதுக்கு யாரு இருக்கா?” அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு காலை மடக்கி எனக்கு வழிவிட்டார்.

எழுத்தரிடம் போய், அந்தக் குழந்தையின் தாயைக் கூப்பிட்டு வாயால் கேளுங்கள் என்று சொன்னேன். என் முகத்தைப் பார்த்ததும் மறுபேச்சு பேசாமல் எழுந்து போனார். பிறகு மேலே ஏறினேன்.

ஏறும்போதே என்ன செய்வது என்று யோசித்தேன். எந்த ‘இல்லை’ அட்டையைப் பார்த்து ஏற்றியது, எது சனிக்கிழமை நிரப்பியது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. இரண்டும் ஒரே எழுத்து. ஆலோசகர் ஓர் அடையாளம்கூட விட்டுவைக்கவில்லை. வெள்ளிக்கிழமை நாடா வந்தால் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பிரிக்கலாம். அதற்குச் சில நாட்கள் ஆகும். அதுவரை என்ன? ஒரே வழிதான் இருந்தது. எல்லா ‘இல்லை’யையும் ‘தெரியாது’ என்று மாற்றிவிடுவது. பொய்யானது, மெய்யானது எல்லாவற்றையும் சேர்த்து. தட்டச்சுப் பெண்கள் மாதக்கணக்கில் விரல் தேய ஏற்றிய நல்ல விவரமும் அன்றைக்குப் போய்விடும். எல்லா வார்டிலிருந்தும் அடித்தளத்துக்கு அழைப்புகள் குவியும். ஆனால் தவறான ஒரு ‘தெரியாது’க்கு விலை ஒரு கேள்வி. தவறான ஓர் ‘இல்லை’க்கு விலை என்னவென்று நான் கீழே பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

எல்லாத் தவறையும் தவிர்க்க முடியாத நேரம் உங்களுக்கும் வரும். எந்தப் பக்கம் தவறினால் ஒருவர் பிழைப்பார் என்று பாருங்கள். அந்தப் பக்கம் சாயுங்கள். இதற்கு மேல் இந்தத் தொழிலில் எனக்குப் பெரிய ஞானம் எதுவும் கிடைக்கவில்லை.

வெறுமையாகவே விட்டுவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அன்று அதை நான் நம்பவில்லை. வெறுமையைப் பார்த்தால் நிரப்ப வேண்டும் என்று கை துறுதுறுக்கிறவர்கள் அந்தக் கட்டடத்தில் இருந்தார்கள். எழுத்திலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

இயந்திர அறையில் ரஹீம் இருந்தார். ரீத்தா விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. என்ன செய்யப் போகிறேன் என்று சொன்னேன். அவர் என்னை ‘காக்’ என்றுதான் கூப்பிடுவார், மலாயில் அக்கா என்று பொருள். “காக், பாஸ் யாரும் கையே வைக்கக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு,” என்றார், அவருக்குத் தெரிந்த தமிழில். அவருக்கும் நான்கு பிள்ளைகள். வேலை போனால் என்ன ஆகும் என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் அவரை வெளியே போய்விடச் சொன்னேன். நான் மட்டும் செய்ததாக இருக்கட்டும் என்றேன்.

அவர் கதவுவரை போனார். திரும்பி வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

“தனியா தட்டக்கூடாது காக். நீங்க தட்டுங்க, நான் வாசிக்கிறேன்.”

முதல் தடவை தட்டிய கட்டளையை அவர் வாசித்துக்கொண்டே வந்து நடுவில் நிறுத்திவிட்டார். ஒவ்வாமைக் கட்டத்துக்குப் பதிலாக அதற்கு அடுத்த கட்டத்தின் பெயரை அடித்திருந்தேன். அது இரத்த வகை. அவர் வாசிக்காமல் இருந்திருந்தால், நான் என் மகளுக்காக அழுதுகொண்டே அந்த மருத்துவமனையின் இரத்த வகைகளையெல்லாம் அழித்திருப்பேன். அதற்கும் மறுபடி ஒவ்வோர் அட்டையாகத் தேட வேண்டியிருந்திருக்கும். இரண்டாம் தடவை தட்டினேன். முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை வாசித்தார். சரி என்றார். விசையை அழுத்தினேன்.

மருத்துவமனை முழுக்க, எல்லாத் திரைகளிலும், ‘இல்லை’ என்று இருந்த எல்லாருக்கும் ‘தெரியாது’ என்று வந்தது. அந்த வாரம் அந்த மருத்துவமனையில் இருந்த ஒரே உண்மையான விவரம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். சற்று நேரத்தில் அடித்தளத்துத் தொலைபேசிகள் அடிக்க ஆரம்பித்தன. அட்டைகள் தள்ளுவண்டிகளில் மேலே ஏறின. பதிவு அறை ஊழியர்கள் எங்களைச் சபித்தபடி ஓடினார்கள். அவர்கள் எவ்வளவு சபித்தாலும் தகும்.

பிறகு நடந்த விசாரணையின் அறிக்கையில், விவரம் ஏற்றும் பிரிவின் தாமதமே காரணம் என்று எழுதினார்கள். தட்டச்சுப் பெண்கள்! அட்டையைப் பார்க்காமல் ஒரு கட்டத்தையும் நிரப்பாதவர்கள் அந்தப் பெண்கள் மட்டும்தான். பார்க்காமல் நிரப்பியவர்களின் பதவிகூட அதில் குறிப்பிடப்படவில்லை. அந்த ஆலோசகர் இப்போது வேறு நிறுவனங்களுக்குப் பயிற்சி நடத்துகிறார். உங்களில் சிலர் போயிருக்கவும் கூடும். போயிருந்தால், வெறுமையான கட்டங்களைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரிவியுங்கள்.

ரீத்தா கையில் இப்போது ஓர் உலோக வளையம் இருக்கிறது. மருந்தின் பெயர் அதில் பொறித்திருக்கிறது. அவள் அதை நகைபோலத் திருகிக்கொண்டே டிவி பார்ப்பாள். நான் ஒரு நாளில் பத்துத் தடவை அவள் மணிக்கட்டைப் பார்க்கிறேன், இருக்கிறதா என்று. குளிக்கப் போகும்போது கழற்றி வைத்தால் கதவைத் தட்டுகிறேன். அம்மாவுக்குக் கொஞ்சம் கிறுக்கு என்று தோழிகளிடம் சொல்கிறாளாம். சொல்லட்டும். கம்ப்யூட்டர் படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று, ஏன் என்று கேட்டேன். “நீங்க மாத்துனீங்கள்ல, அதுக்குத்தான்,” என்றாள். யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அவள் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பதிலுக்குப் பெருமைப்படுவதா பயப்படுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பயம்தான் அதிகம். அவள் போய் நிற்கப்போகிற மேசைகளை எனக்குத் தெரியும்.

அன்றைய கதை இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

கட்டளையை முடித்துவிட்டு மறுபடி கீழே வந்தேன். கணவர் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். பிற்பகல் போய்க்கொண்டிருந்தது. மருத்துவர் வந்தார். மூச்சுக்குழாயில் குழாய் வைத்திருக்கிறோம், இரத்த அழுத்தம் ஏறிவிட்டது, இனி பயமில்லை, நாளை குழாயை எடுத்துவிடலாம் என்றார். என் கணவர் ஜெபமாலையை நெற்றியில் ஒற்றிக்கொண்டார். கண்ணாடி வழியே அவள் கால் மட்டும் தெரிந்தது. தையல்மேல் வெள்ளைத் துணி. காலையில் அவள் போட்டுக்கொண்டு போன பள்ளிக் காலுறை இன்னொரு காலில் அப்படியே இருந்தது. யாருக்கும் கழற்ற நேரம் இருந்திருக்காது.

வார்டிலிருந்து சிலர் வந்து பார்த்தார்கள். ஊசி போட்ட பெண் தன் வேலைநேரம் முடிந்தும் போகாமல் சுவரோரம் நின்றாள். ரஹீம் வந்து இரண்டு கோப்பை மைலோ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். கதவு திறக்கும்போதெல்லாம் நான் மேலாளரை எதிர்பார்த்தேன் என்பதை ஒளிக்கவில்லை. ஒரே கட்டடம். இரண்டு மாடி இறங்கினால் போதும். அவருக்கும் பிள்ளைகள் உண்டு. வந்து ஒரு வார்த்தை கேட்பார் என்று நினைத்தேன். கேட்டால் என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

அலுவலகம் முடிகிற நேரத்தில் வந்தார். திறப்பு விழா ஒத்திகையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். கோட்டின் மார்பில் ஒத்திகைக்குக் குத்திய துணிப்பூ அப்படியே இருந்தது. கையில் அச்சுத்தாள் சுருள். மூடிய கதவைப் பார்த்தார். என் கணவரைப் பார்த்தார். பிறகு எனக்குப் பக்கத்தில் குனிந்து, தாழ்வாரம் என்பதால் குரலைத் தாழ்த்தி, தமிழிலேயே சொன்னார்.

“மிஸஸ் சேவியர், அத்தனையும் ‘தெரியாது’ன்னு வருது. புதன்கிழமை வர்றவங்ககிட்ட நான் எதைக் காட்டுறது?”